கோணல் கோடுகளில் ஒரு குடும்பக் கதை: முதன்முறை அனிமேஷன் நாடகம் செய்பவர்களுக்கு

ஆறரை நிமிடம் ஓடும் என் முதல் அனிமேஷன் நாடகத்தில், மழையில் ஒரு பெண் ஓடும் காட்சி உண்டு. திரையில் ஒன்பது விநாடி. அதற்காக நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் வரைந்தேன். இரண்டு மாத மாலைப் பொழுதுகள் அதற்கே போயின. படத்தைப் பார்த்த பதினொரு பேரில் ஒருவர்கூட அந்த ஓட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. பலரும் கேட்டது வேறொன்று: "தங்கை ஏன் அந்தச் சாவியிலிருந்து விரலை எடுக்கவே மாட்டேன் என்கிறாள்?" அந்தச் சாவிக் காட்சியை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வரைந்து முடித்திருந்தேன். கை சரியாக அமையவில்லை, மோதிர விரல் சற்று நீளம். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

இந்தக் கட்டுரை அந்தப் பிற்பகல் சொல்லிக்கொடுத்த பாடத்திலிருந்து எழுதப்படுகிறது. கரடுமுரடான கோட்டுக்குப் பார்வையாளரின் கண் அரை நிமிடத்தில் பழகிவிடுகிறது. எதிரில் நிற்கும் கதாபாத்திரம் என்ன நினைக்கிறது என்பது புரியவில்லை என்றால் அதற்கு மட்டும் அவர் பழகுவதே இல்லை. ஆகவே கையிலிருக்கும் நேரத்தையும் ஓவியங்களையும் ஒரு மனம் மாறுகிற கணங்களில் கொட்டுங்கள். மற்ற இடங்களில் தயங்காமல் சிக்கனம் பிடியுங்கள். கீழே வரும் ஒவ்வொரு படியும் அதற்கான வழிதான்.

முதலில் கணக்கு

பேனாவைத் தொடும் முன் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். திரைப்படம் விநாடிக்கு 24 ஃபிரேம்கள், அதாவது 24 அசையாத தனிப் படங்கள், ஓடுகிறது. ஒவ்வோர் ஓவியத்தையும் இரண்டு ஃபிரேம்களுக்கு நிறுத்தினால் விநாடிக்கு 12 ஓவியங்கள் போதும். மூன்று ஃபிரேம்களுக்கு நிறுத்தினால் 8. ஐந்து நிமிடப் படத்தை விநாடிக்கு 12 என்று இடைவிடாமல் அசைத்தால் 3,600 ஓவியங்கள். ஒன்றுக்குக் கோடும் வண்ணமும் சேர்த்து 15 நிமிடம் என்றால் 900 மணி நேரம். தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் 450 நாட்கள். அதுவும் திரையில் ஒரே ஆள் இருந்தால்! முதல் படத்தைப் பாதியில் கைவிடுபவர்களில் பலர் இந்தக் கணக்கைப் போடாமல் இறங்கியவர்கள்.

ஓவியங்களைக் குறைப்பது திருட்டு வேலை என்று சிலர் கூசுகிறார்கள். கூச வேண்டாம். ஜப்பானிய ஓவியர் ஒசாமு தெசுகாவின் 'டெட்சுவான் ஆட்டம்' தொடர் 1963 ஜனவரி 1 அன்று ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியபோது, வாரம் ஓர் அரைமணி நேரப் பகுதியைத் தந்தாக வேண்டியிருந்தது. மூன்று ஃபிரேமுக்கு ஓர் ஓவியம், அசையாமல் நிற்கும் படங்கள், முகம் அப்படியே இருக்க வாய் மட்டும் அசைவது, ஒருமுறை வரைந்ததைச் சேமித்து வைத்து மறுபடி எடுப்பது என்று அந்தக் குழு எல்லா வழிகளையும் கையாண்டது. 1966 இறுதிவரை 193 பகுதிகள் வந்தன. மனிதனைப் போலத் துயரப்படும் ஓர் எந்திரச் சிறுவனைப் பார்க்கத்தான் மக்கள் வாரந்தோறும் உட்கார்ந்தார்கள்.

இரண்டு பேர், ஓர் அறை, ஒரு பொருள்

முதல் படத்துக்கு இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஊர்வலம், போர், சண்டைக் காட்சி எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் மூன்று வாக்கியங்கள் எழுதுங்கள். இந்த அறையில், இந்த நேரத்தில் அவளுக்கு என்ன வேண்டும்? எதை வாய்விட்டுச் சொல்லவே மாட்டாள்? அதை மறைக்கும்போது என்ன செய்வாள்? என் கதையில் அக்காவும் தங்கையும் தாயின் வீட்டை விற்பது பற்றிப் பேசுகிறார்கள். அக்காவுக்குப் பணம் வேண்டும். தனக்குக் கடன் இருப்பதைச் சொல்ல மாட்டாள். மறைக்கும்போது யாரும் கேட்காத விவரங்களை அடுக்குவாள். தங்கைக்கு வீட்டை விட மனமில்லை. அதைச் சொல்ல மாட்டாள். கூரை ஒழுகுவதையும் தாழ்ப்பாள் துருப்பிடித்ததையும் பற்றியே பேசிக்கொண்டிருப்பாள். பிறந்த ஊர், பிடித்த நிறம், ராசி என்று பக்கம் பக்கமாகக் குறிப்பெழுதுவதைவிட இந்த மூன்று வாக்கியங்கள் அதிகம் பயன்படும். ஏனென்றால் இவை மூன்றையும் வரைய முடியும்.

இருவர் பக்கமும் நியாயம் இருக்கட்டும். ஒருத்தி மட்டும் கெட்டவள் என்றால் பார்வையாளர் முதல் நிமிடத்திலேயே தீர்ப்பெழுதிவிடுவார். மீதி நான்கு நிமிடங்களுக்கு அவருக்கு வேலை இல்லை.

வசனத்தை எழுதிய பிறகு பெயர்களை மறைத்துவிட்டு இன்னொருவரைப் படிக்கச் சொல்லுங்கள். யார் பேசுகிறார் என்று அவரால் சொல்ல முடிய வேண்டும். முடியவில்லையென்றால் இரண்டு பேரும் நீங்களாகவே பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது கையின் திறமையையும் பாருங்கள். துணி மடிப்பது அழகான செயல்தான். ஆனால் ஒவ்வோர் ஓவியத்திலும் மடிப்புகள் மாறும். தண்ணீர், நெருப்பு, அவிழ்ந்த கூந்தல் மூன்றும் தொடக்கக்காரர்களை விழுங்கிவிடும். சாவி, கண்ணாடி டம்ளர், மூடிய பெட்டி போன்றவை உருவம் மாறாதவை. ஒருமுறை வரைந்து நகர்த்தினால் போதும்.

ஐம்பது முறை வரையக்கூடிய முகம்

அழகான முகம் ஒன்றை மூன்று மணி நேரம் செலவிட்டு வரைவது ஓவியம். அதையே நானூறு முறை வரைய வேண்டியிருப்பது அனிமேஷன். எனவே ஒரே முகத்தை ஐம்பது முறை வரைந்து பாருங்கள். எந்தக் கோடுகளை உங்கள் கை தானாகவே விட்டுவிடுகிறதோ அவை தேவையற்றவை, நீக்கிவிடுங்கள். இரண்டு நிமிடத்துக்குள் வரைய முடிகிற உருவம் கிடைத்ததும், முன்பக்கம், முக்கால் பக்கம், பக்கவாட்டு ஆகிய மூன்று கோணங்களிலும் வரைந்து சுவரில் ஒட்டுங்கள்.

உள்ளே முழுக்கக் கறுப்பு நிரப்பினாலும் இருவரையும் பிரித்தறிய முடிய வேண்டும். அக்காவுக்கு அகன்ற தோளும் கொண்டையும், தங்கைக்குக் குறுகிய உடலும் முன்னே விழும் பின்னலும் என்று வைத்தேன். தூரத்துக் காட்சியில் முகம் ஒரு புள்ளியாகிவிடும். அங்கே ஆளைக் காட்டிக்கொடுப்பது இந்த நிழலுருவம்தான்.

கழுத்தில் ஒரு எல்லைக்கோடு வையுங்கள். 1950-களின் இறுதியில் தொலைக்காட்சிக்குக் கார்ட்டூன் செய்த ஹன்னா-பார்பெரா நிறுவனம் தன் விலங்குகளுக்குக் கழுத்துப்பட்டையும் டையும் மாட்டியதற்குக் காரணம் உண்டு. உடலை அப்படியே நிறுத்திவிட்டுத் தலையை மட்டும் மாற்றினாலும், ஒட்டிய இடம் தெரியாது. சட்டைக் காலர், துப்பட்டா, தாடி, தடித்த சங்கிலி எதுவானாலும் சரி.

கைகளை மேசைக்கடியில் ஒளித்து வைக்கும் ஆசை வரும். அதற்கு இணங்காதீர்கள். நாடகத்தின் பாதி கையில்தான் நடக்கிறது. தளர்ந்த கை, பற்றிய கை, சுட்டும் கை, மூடிய கை என்று நான்கு நிலைகளை மட்டும் மனப்பாடமாகப் பழகுங்கள். முதல் படத்துக்கு அவை போதும்.

வரைவதற்கு முன் குரல்

குரலை முதலில் பதிவு செய்யுங்கள், ஓவியம் பிறகு. வரைந்த வாய்க்கு ஏற்றபடி ஒருவரைப் பேசச் சொன்னால் அவர் வாயைத் துரத்திக்கொண்டு ஓடுவார், நடிக்க முடியாது. குரல் முன்னே இருந்தால், எங்கே மூச்சு வாங்குகிறார், எந்தச் சொல்லில் தடுமாறுகிறார் என்பதெல்லாம் நீங்கள் வரைய வேண்டியதைச் சொல்லிக்கொடுத்துவிடும்.

தொழில்முறைக் கலைஞர்கள் கட்டாயமில்லை. ஜப்பானிய இயக்குநர் மகோடோ ஷின்காய் 2002-ல் வெளியிட்ட, ஏறக்குறைய தனி ஆளாகக் கணினியில் உருவாக்கிய 25 நிமிடப் படத்தின் முதல் வடிவத்தில், அவரும் அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணும்தான் குரல் கொடுத்தார்கள். உங்கள் சுற்றத்தில் கதை சொன்னால் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுக் கேட்கிற ஒருவர் இருப்பார். அவரைப் பிடியுங்கள்.

பதிவுக்குத் துணிகள் நிறைந்த அலமாரிக்கு முன்னால் உட்காருங்கள், மின்விசிறியை அணையுங்கள், கைபேசியானாலும் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். இல்லாவிட்டால் பகரம் வரும்போதெல்லாம் காற்று மோதி வெடிக்கும். இருவரும் பேசும் காட்சியில் இருவரையும் ஒரே நேரத்தில் உட்கார வைத்துப் பதிவு செய்வது நல்லது. ஒருவர் முடிக்கும் முன்பே மற்றவர் குறுக்கிடுவதும், பதில் வராமல் நீளும் மௌனமும் அப்போதுதான் உண்மையாக வரும். எல்லாம் முடிந்த பிறகு யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த அறையின் ஒலியைப் பதிவு செய்துகொள்ளுங்கள். வசனங்களுக்கு இடையில் அதை நிரப்பாவிட்டால், ஒவ்வொரு மௌனத்திலும் கேட்பவருக்குக் காது அடைத்ததுபோல் இருக்கும்.

அனிமேட்டிக்கில் அழ வைக்க முடியாவிட்டால் நிறுத்துங்கள்

ஸ்டோரிபோர்டு என்பது காட்சிகளை வரிசையாகக் கட்டம் கட்டமாக வரைந்த முன்வரைவு. அந்தக் கட்டங்களைக் குரலோடு சேர்த்து, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டுமோ அவ்வளவு நேரம் நிறுத்தி ஓட விடுவதுதான் அனிமேட்டிக். குச்சி உருவங்கள் போதும். இந்தப் படியை யாரும் தாண்டிக் குதிக்கக் கூடாது என்று எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். முழுப் படத்தையும் ஒரே வாரத்தில் பார்த்துவிடலாம்; பிடிக்காத காட்சியை ஒரு நொடியில் வெட்டி எறியலாம். வண்ணம் தீட்டிய காட்சியை எறிய மனம் வராது. அந்த மழை ஓட்டத்தை நான் அனிமேட்டிக்கில் வைத்துப் பார்த்திருந்தால் அது தேவையில்லை என்பது அன்றே தெரிந்திருக்கும்.

இரண்டு மூன்று பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். குச்சி உருவங்களைப் பார்த்தே அவர்கள் நெஞ்சு கனத்தால் படம் பிழைத்துவிட்டது. அவர்கள் முகம் மாறவில்லையென்றால் அழகான அசைவு எதையும் காப்பாற்றாது; வசனத்துக்கும் மௌனத்துக்கும் திரும்பிப் போங்கள்.

சாவிக் காட்சி, ஃபிரேம் ஃபிரேமாக

மனம் மாறும் கணத்தில் செலவிடுங்கள் என்று மேலே சொன்னேன். அது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு அந்தக் காட்சியையே பிரித்துக் காட்டுகிறேன். தங்கை தன்னிடமிருந்த வீட்டுச் சாவியை அக்காவிடம் கொடுக்கிறாள். அவ்வளவுதான் நிகழ்ச்சி.

மேசை விளிம்பில் சாவிமேல் கை. ஓர் ஓவியம், 24 ஃபிரேம்கள் அசைவே இல்லை. பிறகு கை சாவியை முன்னே தள்ளுகிறது: ஐந்து ஓவியங்கள், ஒவ்வொன்றும் இரண்டு ஃபிரேம். முதல் இரண்டு ஓவியங்களுக்கு இடையில் தூரம் குறைவு, நடுவில் அதிகம், கடைசியில் மறுபடி குறைவு. இந்த இடைவெளி வேறுபாடுதான் பாரத்தைத் தருகிறது; சமமாக நகர்த்தினால் சாவி பனிக்கட்டியில் சறுக்குவதுபோல் ஆகிவிடும். மேசையின் பாதியில் கை நிற்கிறது. அங்கே 30 ஃபிரேம்கள் அப்படியே.

இப்போது தங்கையின் முகம், குளோசப், இரண்டு விநாடி. முகம் ஓர் ஓவியம். கருவிழி சாவியிலிருந்து அக்காவை நோக்கி உயர்வதற்கு இரண்டு, ஒரு கண்சிமிட்டலுக்கு இரண்டு. மறுபடி கை: மற்ற விரல்கள் உயர்கின்றன, ஆள்காட்டி விரல் மட்டும் சாவிமேல் நிற்கிறது. மூன்று ஓவியங்கள், பிறகு 16 ஃபிரேம்கள் நிறுத்தம். கடைசியில் அந்த விரலும் எழுகிறது, இரண்டு ஓவியங்கள். தனியே கிடக்கும் சாவிக்கு இன்னும் அரை விநாடி.

மொத்தம் 150 ஃபிரேம்கள், அதாவது ஆறேகால் விநாடி. ஓவியங்கள் 16. அத்தனையையும் இரண்டிரண்டு ஃபிரேமாக இடைவிடாமல் அசைத்திருந்தால் 75 ஆகியிருக்கும், நாடகமோ கரைந்துபோயிருக்கும். இதே சிக்கனத்தில் ஐந்து நிமிடத்தையும் முடித்தால் ஏறக்குறைய 770 ஓவியங்கள், 192 மணி நேரம். நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் மூன்று மாதத்துக்குச் சற்று அதிகம். 450 நாட்கள் எங்கே, இது எங்கே!

அனிமேட்டிக்கை ஓடவிட்டு, யாராவது ஒருவர் முடிவெடுக்கும், பொய் சொல்லும், விட்டுக்கொடுக்கும் இடங்களைச் சிவப்பு மையால் குறியுங்கள். ஐந்து நிமிடத்தில் அப்படி ஐந்தாறு இடங்கள்தான் வரும். உங்கள் நல்ல ஓவியங்கள் அங்கே போகட்டும்.

கண், மூச்சு

நிறுத்திய ஓவியம் செத்த ஓவியமாகத் தெரியக் கூடாது. அதற்குச் சிமிட்டல் ஒரு மருந்து. கண்டபடி சிமிட்ட வைத்தால் அதுவே நோய். ஒரு எண்ணம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் சிமிட்டுங்கள். தலை திரும்பும்போது கண் முதலில் திரும்பட்டும், தலை இரண்டு மூன்று ஃபிரேம்கள் கழித்துத் தொடரட்டும். நீண்ட நிறுத்தத்தில் தோள்பட்டையை ஒரு கோட்டு அகலம் ஏற்றி இறக்கும் இரண்டு ஓவியங்களை மாற்றி மாற்றிப் போட்டால் மூச்சு வந்துவிடும். கோபத்தில் இருப்பவருக்கு மூச்சு வேகமாகும். அழுகையை அடக்குபவருக்கு ஏறிய தோள் இறங்காது.

வாய் அசைவு

இந்தப் பகுதியில் தமிழருக்கு ஒரு பழைய துணை இருக்கிறது. ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்ட வாய் வடிவப் பட்டியல்களை அப்படியே எடுத்தால் நம் பேச்சுக்கு இடறும். தொல்காப்பியத்தின் பிறப்பியல், எந்த எழுத்துக்கு வாய் எப்படி அமைகிறது என்பதை உச்சரிப்பவரின் இதழைப் பார்த்தே எழுதியதுபோல் இருக்கிறது. அ, ஆ இரண்டும் அங்காந்து, அதாவது வாய் திறந்து பிறப்பவை. உ, ஊ, ஒ, ஓ, ஔ இதழ் குவிந்து வருபவை. பகரமும் மகரமும் இதழ்கள் இயைந்து பிறப்பவை. வகரத்துக்குப் பல்லும் இதழும் பொருந்த வேண்டும். இவற்றோடு இ, ஈ, எ, ஏ, ஐ ஆகியவற்றுக்கு அகன்ற வாய் ஒன்றும், ஓய்ந்த வாய் ஒன்றும் சேர்த்தால் ஆறு வடிவங்கள். படம் முழுக்க இந்த ஆறையே வைத்து ஓட்டிவிடலாம். க, ட, ண, ள, ழ போன்றவை வாய்க்குள்ளே நாவில் நடப்பவை; வெளியே தெரியாது. அந்த எழுத்துகளில் உயிரொலியின் வடிவத்தை மட்டும் வரையுங்கள்.

"போகமாட்டேன்" என்று தங்கை சொல்கிறாள். மூடிய வாய், குவிந்த வாய், லேசாகத் திறந்த வாய், மறுபடி மூடல், பெரிதாகத் திறப்பு, அகலம், ஓய்வு. இதில் தவறவே கூடாதவை இரண்டு மூடல்கள். பகர மகரங்களில் இதழ் மூடாவிட்டால் பார்ப்பவருக்கு உடனே உறுத்தும். ஒலிக்கு ஒன்றிரண்டு ஃபிரேம்கள் முன்பே மூடி, குறைந்தது இரண்டு ஃபிரேம்கள் மூடியபடியே வையுங்கள். மற்றவற்றில் தவறினால் மன்னித்துவிடுவார்கள்.

இன்னொரு நுட்பம் குற்றியலுகரம். "வீடு", "எனக்கு", "காசு" போன்ற சொற்களின் இறுதியில் வரும் உகரம் குறுகி ஒலிப்பதால் அங்கே இதழ் குவிவதில்லை. எழுத்தைப் பார்த்து வாயைக் குவித்து வரைந்தால் கதாபாத்திரம் ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் ஊதுவதுபோல் இருக்கும். எழுத்தை விட்டுவிட்டுக் காதை நம்புங்கள்; ஐயம் வந்தால் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள்.

கரடுமுரடு ஒரே சீராக இருக்கட்டும்

நடுங்கும் கோடு ஒரு பாணியாக ஏற்கப்படும், அது படம் முழுக்க நடுங்கினால். முதல் காட்சியில் தடித்த கோடு, மூன்றாவதில் மெல்லிய கோடு, பின்னணி மட்டும் புகைப்படம்போல் துல்லியம் என்றால் குறைகள் ஒவ்வொன்றாய்க் கண்ணில் குத்தும். ஒரே தூரிகை, ஒரே தடிமன், ஏழெட்டு வண்ணங்களுக்கு மேல் வேண்டாம் என்று தொடக்கத்திலேயே முடிவெடுங்கள். பின்னணியும் அதே கையால் வரையப்பட்டதாகத் தெரிய வேண்டும். வரைந்துகொண்டே போகும்போது திறமை கூடும். கடைசிக் காட்சி முதல் காட்சியைவிட அழகாக வரும். அதற்காக முதலிலிருந்து திருத்தத் தொடங்காதீர்கள். கதையின் நடுவிலிருந்து வரையத் தொடங்கி, தொடக்கத்தையும் முடிவையும் கடைசியில் வரைந்தால் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

நடையைத் தவிருங்கள். மார்பளவு ஷாட்டில் ஆளை மேலும் கீழுமாகச் சற்று அசைத்துப் பின்னணியை நகர்த்தினால் நடப்பது புரிந்துவிடும். காலடி ஓசை மீதியைச் சொல்லும்.

மென்பொருள்

இதில் அதிகம் உழல வேண்டாம். கிரிட்டா, ஓபன்டூன்ஸ், பென்சில்2டி, பிளெண்டர் நான்கும் இலவசம். கையால் ஒவ்வோர் ஓவியமாக வரைய பென்சில்2டியும் கிரிட்டாவும் எளிது. பிளெண்டர் கற்க நாளாகும்; ஆனால் எட்டாத உயரமென்று எதுவும் அதற்கு இல்லை. 2025-ல் சிறந்த அனிமேஷன் திரைப்படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்ற படம் அதில்தான் உருவானது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, படம் முடியும்வரை மாற்றாமல் இருங்கள். ஒலித் தொகுப்புக்கு ஆடாசிட்டி போதும். கோப்புகளை இரண்டு இடங்களில் சேமியுங்கள்.

ஒலி

கரடுமுரடான ஓவியத்தைப் பொறுத்துக்கொள்ளும் அதே பார்வையாளர் கரகரக்கும் ஒலியைப் பொறுக்கமாட்டார். சாவி மேசையில் உரசும் ஓசையை உண்மையான சாவியை வைத்து உண்மையான மரத்தில் பதிவு செய்தேன். ஐந்து ஓவியங்களில் தள்ளப்பட்ட சாவிக்கு அந்த ஓசைதான் எடை கொடுத்தது. இசையை வசனத்துக்கடியில் ஓயாமல் ஓட விடாதீர்கள். ஒரு முக்கியமான மௌனத்தில் இசையே இல்லாமல் விட்டுப் பாருங்கள்.

முதல் பார்வையாளர்கள்

முடித்ததும் நான்கைந்து பேருக்குக் காட்டுங்கள். "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நன்றாக இருந்தது" என்பார்கள், அதனால் பயன் இல்லை. "அக்கா ஏன் அந்த நேரத்தில் எழுந்தாள்?" "தங்கை கடைசியில் என்ன முடிவெடுத்தாள்?" என்று கதாபாத்திரங்களைப் பற்றிக் கேளுங்கள். அவர்கள் விடை உங்கள் மூன்று வாக்கியங்களுக்கு அருகில் வந்தால் வெளியிடுங்கள். ஒரே இடத்தில் இரண்டு பேர் தவறாகப் புரிந்துகொண்டால் அந்த இடத்தை மட்டும் திறந்து பாருங்கள். பெரும்பாலும் புது ஓவியம் தேவைப்படாது. ஏற்கெனவே இருக்கும் ஒன்றை இன்னும் 12 ஃபிரேம்கள் நிறுத்தினால் போதுமானதாக இருக்கும். என் படத்தில் சாவிமேல் நின்ற விரலுக்கு முதலில் நான்கு ஃபிரேம்கள்தான் கொடுத்திருந்தேன். ஒருவருக்குப் புரியவில்லை என்றதும் பதினாறாக்கினேன்.